கருத்துப்போன பில்லு

எனக்குக் கோவம் வரும்ங்கிறது எங்க தெருவுக்கே தெரியும். அதுல மறைக்க ஒண்ணும் இல்ல. லாண்டரி வச்சிருக்கேன். நாள் முழுக்கச் சூடு, ஆவி, அடுத்தவங்க அழுக்கு. இதுல சாந்தமா இருக்கணும்னா நான் வேற பிறவி எடுத்துத்தான் வரணும். ஆனா கோவம் எவ்வளவு வருதோ அவ்வளவு நியாயமும் என் பக்கம் இருக்கும்னு ஒரு நினைப்பு எனக்கு இருந்துச்சு. அந்த நினைப்பு எப்படிப் போச்சுன்னுதான் சொல்ல வரேன்.

கடையில நாங்க மூணு பேரு. முன்னாடி மேஜையில நான். துணி வாங்குறது, நம்பர் சீட்டு குத்துறது, சண்டை போடுறது எல்லாம் என் வேலை. நடுவுல மெஷின் பக்கம் என் நாத்தனார். பின்னாடி இஸ்திரி மேஜையில எங்க வீட்டுக்காரரு. இருபது வருஷமா அவருக்கு அதே மேஜைதான். ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல பேசிட்டாருன்னா உடம்புக்கு என்னமோன்னு நாங்க பயந்துடுவோம். ஆனா வேலையில அவ்வளவு சுத்தம். பெட்டியை வைக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பாக்கெட்டையும் தடவிப் பாப்பாரு. சில்லறை, சாவி, கடை பில்லு, எது இருந்தாலும் எடுத்து, துணியோட நம்பரை எழுதி, பக்கத்துச் சுவத்துப் பலகையில குத்தி வச்சுடுவாரு. அந்தப் பலகையைப் பாத்தா ஊர்ல யாரு எங்க சாப்பிட்டாங்க, யாரு யாருக்குத் தெரியாம என்ன வாங்குனாங்கன்னு எல்லாம் தெரிஞ்சுடும்.

எனக்கும் ஒரு வழக்கம் உண்டு. துணி உள்ள வரும்போதே நம்பர் சீட்டோட சேர்த்து முன்னும் பின்னும் போட்டோ எடுத்துடுவேன். கறையோட கொண்டாந்து குடுத்துட்டு, "உங்க கடையிலதான் ஆச்சு"ன்னு நிக்கிறவங்க எத்தனை பேரு தெரியுமா. அவங்க வாயைத் திறந்ததும் நான் போனைத் திறப்பேன். அதோட கதை முடிஞ்சுடும்.

அப்படித்தான் ஒரு வெள்ளிக்கிழமை ட்ரம்பெட்காரரு வந்தாரு. ஒரு இசைக் குழுவுல வாசிக்கிறவரு. கன்னம் ரெண்டும் வாசிக்காதப்பவும் கொஞ்சம் உப்பித்தான் இருக்கும். அவருக்கு இருக்கிறது ஒரே ஒரு சாம்பல் நிறக் கோட்டு. செவ்வாக்கிழமை குடுத்திருந்தாரு, நம்பர் முன்னூத்திப் பதினெட்டு. கோட்டை விரிச்சுப் பாத்தவரு முகம் மாறிடுச்சு. இடது பக்கக் காலர் மடிப்புல, கட்டைவிரல் அளவுக்குப் பழுப்பா ஒரு தீய்ஞ்ச தடம்.

"இது என்னம்மா?"ன்னாரு.

"அதைத்தான் நானும் கேக்குறேன். குடுக்குறதுக்கு முன்னாடி வீட்டுல நீங்களே தேச்சுப் பாத்தீங்களா?"

"நான் தொடவே இல்லம்மா. அடுத்த சனிக்கிழமை நான் மேடை ஏறணும். இதைப் போட்டுக்கிட்டு எப்படி ஏறுவேன்?"

கடையில நாலு பேரு நின்னுட்டு இருந்தாங்க. எனக்கு ஆள் கூடுனா குரலும் கூடிடும். எங்க கடையில இருபது வருஷத்துல ஒரு துணி கருகினது இல்ல, எங்க வீட்டுக்காரரு கையைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை சொன்னது இல்ல, நீங்க எங்கயோ சுட்டுக்கிட்டு வந்து எங்க தலையில கட்டப் பாக்குறீங்களான்னு ஒரு பிடி பிடிச்சுட்டேன். "போட்டோ இருக்கு. இந்தா பாருங்க"ன்னு போனை எடுத்து அவரு மூக்குக்கு நேரா நீட்டினேன்.

போன் கருப்பா இருந்துச்சு. தட்டினேன், அமுக்கினேன், தொடைச்சேன். ஒண்ணும் தெரியல. அந்த நேரம் பாத்து அதுக்கு ஒரு கால் வேற வந்துச்சு. மணி அடிக்குது, கையில கிடந்து துடிக்குது, யாருன்னு மட்டும் தெரியல. உயிர் இருக்கு, முகம் இல்ல.

"உங்க போனுக்கு நல்ல நேரம் தெரிஞ்சிருக்கு"ன்னாரு ட்ரம்பெட்காரரு. நின்னவங்க எல்லாரும் சிரிச்சுட்டாங்க. எனக்கு உச்சந்தலையில தீப்பிடிச்ச மாதிரி ஆச்சு.

"நுகர்வோர் ஆபீசுக்குப் போறேன்"ன்னாரு.

"போங்க. நானும் அங்கயே வந்து காட்டுறேன்"ன்னேன்.

இதுல என் பக்கம் போனா போகுதுன்னு விடுறதுக்கு ஒண்ணும் இல்ல. கடை பேரு, வீட்டுக்காரரு கை, என் வாய், மூணும் அந்த ஒரு போட்டோவுல மாட்டிக்கிட்டு நிக்குது. படத்தை வேற எங்கயாவது சேமிச்சு வைக்கட்டுமான்னு அந்தப் போன் வாரா வாரம் கேக்கும். வாரா வாரம் "வேண்டாம்"னு அமுக்கினவ நான்தான்.

மறுநாளே போன் வாங்கின கடைக்குப் போனேன். கழுத்துல அட்டை மாட்டின விற்பனைக்காரன் கம்ப்யூட்டரைத் தட்டிப் பாத்துட்டு, "வாரண்டி ஒரு வருஷம்தான் மேடம். வாங்கிப் பதினாலு மாசம் ஆச்சு. ஸ்கிரீன் போயிடுச்சு. நாங்க ஒண்ணும் பண்ண முடியாது"ன்னான். புது ஸ்கிரீன் விலை கேட்டா, போன் விலையில பாதி சொல்றான்.

"ஒரு வருஷத்துக்கு அப்புறம் இது போன் இல்லையா? காகிதம் பறக்காம இருக்க மேல வைக்கிறதுக்கா குடுத்தீங்க?"

"கம்பெனி ரூல்ஸ் மேடம். நீங்க என்ன தொழில்?"

"லாண்டரி."

அவன் முகத்துல ஒரு வெளிச்சம். "அப்ப தண்ணி போயிருக்கும்."

"திறந்து பாருப்பா"ன்னேன். உள்ள ஒரு குட்டி ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்களாம், தண்ணி பட்டா சிவந்துடுமாம். திறந்தான். என் ஸ்டிக்கர் துவைச்சு எடுத்த தலையணை உறை மாதிரி வெள்ளையா இருந்துச்சு. கீழ விழுந்த தடமும் இல்ல. வேற ஏதாவது குத்தம் கண்டுபிடிக்க முடியுமான்னு அவன் திருப்பித் திருப்பிப் பாத்தான்.

"நான் மாத்திக் குடுத்த ஜிப்பு பதினாலாவது மாசம் கையோட வந்துச்சுன்னா, வருஷம் முடிஞ்சுபோச்சுன்னு சொல்ல எனக்கு வாய் வருமா? என்னைக் கடையோட சேத்துத் துவைச்சுடுவாங்க. உள்ள இருக்கிற போட்டோவாவது பத்திரமா இருக்கா?"

"ஸ்கிரீன் மட்டும்தான் மேடம் போச்சு. போட்டோ அப்படியே இருக்கும். ஆனா பில்லு இருக்கா? பில்லு இல்லாம எங்க போனாலும் யாரும் பேச மாட்டாங்க."

அவன் சொன்ன மத்ததை விட்டுட்டு இதை மட்டும் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன். வீட்டுக்கு வந்து அலமாரியைப் புரட்டி, போன் வந்த அட்டைப்பெட்டிக்கு அடியில இருந்து பில்லை எடுத்தேன். எட்டா மடிஞ்சு கசங்கிக் கிடந்துச்சு, எழுத்து மட்டும் நல்லாத் தெரிஞ்சுது.

எங்க வீட்டுக்காரரு எட்டிப் பாத்தாரு. "குடு, நான் தேச்சுத் தரேன்"ன்னாரு.

முழுசா ஒரு வாக்கியம். என் விஷயத்துல அவருக்கு இவ்வளவு அக்கறையான்னு எனக்கு மனசு குளுந்துபோச்சு. ரெண்டே நிமிஷம். திரும்பி வந்து நீட்டினாரு. பில்லு ஒரு சுருக்கம் இல்லாம, மேலயிருந்து கீழ வரைக்கும் கன்னங்கரேல்னு இருந்துச்சு. ஒரு எழுத்து இல்ல.

"இப்படி ஆகும்னு தெரியல"ன்னாரு, தரையைப் பாத்துக்கிட்டு.

அதுக்கப்புறம் நான் பேசினதை எல்லாம் இங்க சொல்ல முடியாது. எதிர்வீட்டு ஜன்னல் ரெண்டு திறந்துச்சு. கடைசியில நாத்தனார்தான் நடுவுல பூந்தா. "அண்ணி, மூச்சு விட்டுட்டுத் திட்டுங்க. கார்டுலதானே கட்டினீங்க? பேங்க்ல கேட்டா கடை பேரு, தேதி எல்லாம் அச்சடிச்சுத் தருவாங்க. பில்லு போனா என்ன?"

எனக்கு உசுரு வந்துச்சு. அவரு முகம் மட்டும் இன்னும் கொஞ்சம் சுருங்குச்சு. நான் திட்டினதுக்குத்தான்னு நினைச்சுக்கிட்டேன்.

திங்கக்கிழமை பேங்க்ல அந்தக் காகிதத்தை வாங்கிட்டு நுகர்வோர் ஆபீசுக்குப் போனா, ட்ரம்பெட்காரரு எனக்கு முன்னாடியே பெஞ்சுல உக்காந்திருக்காரு, மடியில கோட்டு. அவருக்கு டோக்கன் பன்னெண்டு, எனக்குப் பதிமூணு. இருந்தது ஒரே பெஞ்சு. நடுவுல என் பையை வச்சுட்டு உக்காந்தேன். அரை மணி நேரம் ரெண்டு பேரும் எதிர்ச் சுவத்துக் காலண்டரையே படிச்சோம்.

உள்ள ஒரு அதிகாரி அம்மா, மூக்கு நுனியில கண்ணாடி. அவரு கோட்டைக் காட்டினாரு. நான் குறுக்க பூந்து போட்டோ கதையைச் சொன்னேன். "எங்க போட்டோ?"ன்னு கேட்டாங்க. நான் போனைக் காட்டினேன். அந்தம்மா கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு, "ரெண்டு பேரும் உக்காருங்க. இது ஒரே கேஸ்"ன்னாங்க.

அப்புறம் என்கிட்ட நிதானமாச் சொன்னாங்க. "வாரண்டிங்கிறது கம்பெனி தானா முன்வந்து குடுக்கிற வாக்கு. ஒரு வருஷம் ஆனா அந்த வாக்குதான் முடியும். சட்டம் உங்களுக்குக் குடுத்த உரிமை அதோட முடியாது. நீங்க ஒழுங்கா வச்சிருந்தும், இந்த மாதிரி ஒரு பொருளு உழைக்க வேண்டிய காலம் உழைக்கலன்னா, வித்த கடைதான் பதில் சொல்லணும். போன்னா பதினாலு மாசம்தான் உழைக்கும்னு யாராவது நினைச்சு வாங்குவாங்களா?"

எனக்கு அந்தம்மாவைக் கட்டிப் பிடிச்சுக்கலாம் போல இருந்துச்சு. "கேட்டீங்களா?"ன்னு ட்ரம்பெட்காரரு பக்கம் திரும்பினேன், என்னமோ அவருதான் போனை வித்த மாதிரி.

"கேட்டேன். துணி தேச்சுக் குடுக்கிற வேலைக்கும் இதேதானே மேடம்?"ன்னாரு அவரு.

"அதேதான். காசு வாங்கிச் செஞ்ச வேலை ஒழுங்கா இருக்கணும். இல்லன்னா செஞ்சவங்க பொறுப்பு."

பேங்க் காகிதத்தை வாங்கிப் பாத்து, இது போதும்னு சொன்னாங்க. அதுகூட ஒட்டிக்கிட்டு வந்த கருப்புக் காகிதத்தைத் தூக்கிப் பிடிச்சு, "இது என்ன?"ன்னாங்க.

"பில்லு. கசங்கி இருக்குன்னு எங்க வீட்டுக்காரரு தேச்சாரு."

"இஸ்திரி போடுறவரா இதைத் தேச்சாரு?"

"ஆமா"ன்னேன், அவசரத்துல. அந்தம்மா என்னை ஒரு மாதிரி பாத்தாங்க. நான் அதைக் கண்டுக்கல.

போன் கடைக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தாங்க. சரி பண்ணித் தரதா, மாத்தித் தரதான்னு கேக்குற உரிமை எனக்குன்னும் அதுலயே எழுதிட்டாங்க. "போட்டோவுல தீய்ஞ்ச தடம் இருந்தா இவரு புகாரைத் திருப்பி வாங்கிக்கணும். இல்லன்னா கோட்டுக்கு நீங்க பொறுப்பு. சம்மதமா?"

"நூறு தடவை சம்மதம்"னு மேஜையைத் தட்டிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை லெட்டரும் நானும் போன் கடைக்குப் போனோம், சாட்சிக்கு ட்ரம்பெட்காரரும். விற்பனைக்காரன் லெட்டரைப் படிச்சான், உள்ள போய் முதலாளிகிட்ட பேசினான், வெளிய வரும்போது வேற ஆளா வந்தான். "எதுக்கு மேடம் அலையணும்? இதே மாடல்ல புது போனே குடுத்துடறோம். இப்பவே எடுத்துட்டுப் போங்க"ன்னு சீல் பிரிக்காத பெட்டியை முன்னாடி வச்சான்.

ட்ரம்பெட்காரரு என்னையே பாத்தாரு. அந்தப் பெட்டியை வாங்கியிருந்தா போட்டோவும் போயிருக்கும், வம்பும் போயிருக்கும். ஆனா எனக்கா தோத்துப் போகப் பிடிக்கும்? "எனக்குப் புதுசு வேணாம். இதுதான் வேணும். ஸ்கிரீனை மாத்திக் குடு"ன்னேன்.

ஒரு மணி நேரம் ஆகும்னான். எதிர்க்கடையில டீ குடிச்சோம். கோட்டு இல்லாதவங்களை அவங்க குழுவுல மேடை ஏத்த மாட்டாங்களாம். பின் வரிசையில உக்காந்திருந்தவரு, இந்தத் தடவைதான் தனியா முன்னாடி வந்து வாசிக்கப் போறாராம். பதினோரு வருஷம் கழிச்சுக் கிடைச்ச வாய்ப்பாம். பாவமாத்தான் இருந்துச்சு. இருந்தாலும் தப்பு அவருதுன்னு எனக்குச் சந்தேகமே இல்ல.

போன் வெளிச்சமா வந்துச்சு. வாங்கி, செவ்வாக்கிழமைக்குப் போய், முன்னூத்திப் பதினெட்டைத் தேடி எடுத்தேன். கோட்டு. நம்பர் சீட்டு. இடது காலர் மடிப்பு. ரெண்டு விரலால பெருசாக்கிப் பாத்தேன். இன்னும் பெருசாக்கினேன். ஒரு தடம் இல்ல. அவ்வளவு சுத்தமா இருந்துச்சு.

ட்ரம்பெட்காரரு ரெண்டடி தள்ளி நின்னு, மரியாதையா, போன் உறைகளை வேடிக்கை பாத்துட்டு இருந்தாரு. பொய் சொல்ல மாட்டேன். என் விரல் அந்தக் குப்பைத்தொட்டிப் படத்துக்குப் பக்கம் வரைக்கும் போச்சு. ஒரு தட்டு தட்டியிருந்தா அந்தப் போட்டோ இந்த உலகத்துல இல்ல.

"இருக்காம்மா?"ன்னாரு.

போனை அப்படியே அவரு கையில குடுத்துட்டேன். ரொம்ப நேரம் பாத்தாரு. "போட்டோ நல்லாத் தெளிவா எடுக்குறீங்க"ன்னாரு. திட்டியிருந்தாக்கூட எனக்குத் தெம்பா இருந்திருக்கும்.

"மன்னிச்சுக்குங்க. நாலு பேரு முன்னாடி பேசிட்டேன். அதே நாலு பேரு முன்னாடி சொல்றேன்"ன்னேன். அந்த வார்த்தை என் வாய்க்குப் புதுசு, கொஞ்சம் தடுக்கித் தடுக்கித்தான் வந்துச்சு.

விற்பனைக்காரன் வேலை முடிச்சதுக்கு ஒரு சீட்டு அடிச்சுக் குடுத்தான். மெஷின்ல இருந்து வெதுவெதுன்னு வந்துச்சு. "வெயில்ல வைக்காதீங்க மேடம். இதுல மை கிடையாது. சூட்டுலதான் எழுத்து விழும். சூடு பட்டா மொத்தமாக் கருத்துடும்"னான்.

நான் அந்தச் சீட்டையே பாத்துட்டு நின்னேன். ஒவ்வொரு பாக்கெட்டா தடவி, பில்லை எல்லாம் ஒதுக்கி எடுத்துப் பலகையில குத்துறவரு. இருபது வருஷமா. அவருக்கா தெரியாது?

கடைக்குள்ள நான் நுழைஞ்ச விதத்துலயே நாத்தனார் மெஷினை நிறுத்திட்டா. நான் நேரா இஸ்திரி மேஜைக்குப் போனேன். பையில இருந்த கருப்பு பில்லை அவரு முன்னாடி வச்சேன்.

"தெரிஞ்சுதானே தேச்சீங்க?"

அவரு பெட்டியை நிமித்தி வச்சாரு. ஸ்விட்சை அணைச்சாரு. "ஆமா"ன்னாரு.

"கோட்டு?"

"நான்தான். ஒரு நிமிஷம் கவனம் தப்பிடுச்சு. உடனே சொல்லலாம்னு முன்னாடி வந்தேன். நீ யாரையோ திட்டிட்டு இருந்தே. சரி, சாயங்காலம் சொல்லலாம்னு போனேன். சாயங்காலம் வேற ஒருத்தரைத் திட்டிட்டு இருந்தே. அப்புறம் அந்த மனுஷனை எல்லாரு முன்னாடியும் பேசிட்டே. அதுக்கு மேல எப்படிச் சொல்றது? உன் போன் செத்தப்போ, சத்தியமா, எனக்கு நிம்மதியா இருந்துச்சு."

அவரு வாயில இருந்து இத்தனை பேச்சு நான் கேட்டதே இல்ல.

"எனக்குப் பயந்தா?"ன்னேன்.

"ஆமா"ன்னாரு.

எனக்கு அழுகை வந்துடுச்சு. கோவக்காரின்னு ஊரு சொல்லும்போது எனக்குப் பெருமையாக்கூட இருந்திருக்கு. என் கூடவே நின்னு வேலை செய்யுற மனுஷன், ஒரு தப்பைச் சொல்ல நல்ல நேரம் பாத்துப் பாத்துக் கிடைக்காமத் திரும்பிப் போயிருக்காருன்னு நினைச்சா, வெக்கமா இருந்துச்சு. நாத்தனார் ஒரு துண்டை எடுத்து நீட்டினா. "மூக்கைத் துடைங்க அண்ணி, அது கஸ்டமர் துண்டு இல்ல"ன்னா. அழுதுட்டே சிரிச்சுட்டேன்.

மறுநாள் ட்ரம்பெட்காரரை வரச் சொன்னோம். எங்க வீட்டுக்காரரே முன் மேஜைக்கு வந்தாரு. அங்க அவரு நின்னு நான் பாத்ததே இல்ல. "நான்தான் கருக்கினேன்"னாரு. கடையில அன்னைக்கும் ஆளுங்க இருந்தாங்க. எல்லாருக்கும் கேக்குற மாதிரி நானும் சொன்னேன், தப்பு எங்களோடது, இவரு மேல இல்லன்னு. "சரி பண்ணித் தரணுமா, புதுசு வாங்கித் தரணுமா? கேக்குற உரிமை உங்களுக்கு"ன்னேன்.

ட்ரம்பெட்காரரு உப்பின கன்னத்தோட கொஞ்சம் யோசிச்சாரு. "எனக்கும் புதுசு வேணாம். இதுதான் வேணும்"னாரு.

கோட்டோட உள் மடிப்புல இருந்து ஒவ்வொரு நூலா உருவி, கருகின இடத்தை வெட்டி எடுத்துட்டு, நாத்தனாரும் எங்க வீட்டுக்காரரும் நாலு நாள் உக்காந்து இழை இழையா நெய்து அடைச்சாங்க. இப்ப கண்ணுக்குப் பக்கத்துல வச்சுப் பாத்தாத்தான் தெரியும். அதுக்குள்ள முடியாதுன்னு, சனிக்கிழமைக்கு எங்க வீட்டுக்காரரோட கோட்டைக் குடுத்து அனுப்பினோம். ட்ரம்பெட்காரரு உயரம், எங்க ஆளு குட்டை. கையைத் தூக்கி வாசிக்கும்போதெல்லாம் கோட்டுக் கை முழங்கைக்கு ஓடிடுச்சு. ஆனா வாசிச்சாரு பாருங்க, எங்க வீட்டுக்காரரு சீட்டை விட்டு எழுந்து நின்னு கை தட்டினாரு. பின்னாடி இருந்தவங்க உக்காருங்கன்னு சொல்ற வரைக்கும் அவரு உக்காரல.

அந்தக் கருப்பு பில்லை நான் தூக்கிப் போடல. முன் மேஜைக்கு மேல, என் கண்ணுக்கு நேரா குத்தி வச்சிருக்கேன். வரவங்க என்னன்னு கேப்பாங்க. போன் பில்லுன்னு மட்டும் சொல்லுவேன்.

இன்னைக்குக் காலையில நான் ஒருத்தர்கிட்ட குரலை உசத்திட்டு இருந்தேன், ஆள் சட்டை நிறைய மசியைக் கொட்டிட்டு வந்து துவைச்சது சரியில்லங்கிறாரு. பாதியில, பின்னாடி இருந்து எங்க வீட்டுக்காரரு வந்து நின்னாரு. கையில ஒரு தலையணை உறை, ஓரத்துல பழுப்பா ஒரு தடம்.

"கருகிடுச்சு. இப்பதான். நான்தான்"னாரு.

நான் வாயைத் திறந்தேன். எதிர்ல குத்தியிருந்த கருப்பு பில்லைப் பாத்தேன். மூடிக்கிட்டேன்.

"குடுங்க"ன்னு வாங்கி, மேஜையில விரிச்சு, தடம் நல்லாத் தெரியுற மாதிரி போட்டோ எடுத்தேன்.